பட்டிங்கில் தூரமும் திசையும்: வாசகர் கேள்வி பதில்

இம்மாதம் வந்த கோல்ஃப் கேள்விகளில் பெரும்பாலானவை பட்டிங்கை, அதாவது குழியைச் சுற்றியுள்ள கிரீன் என்ற குட்டைப்புல் பரப்பில் பந்தைக் குழிக்குள் உருட்டிவிடுவதைப் பற்றியவை. கேள்விகள் வெவ்வேறாக இருந்தாலும் பலவற்றில் ஒரே நம்பிக்கை தெரிகிறது: பந்து குழிக்குள் விழாததற்குக் கையில் இருக்கும் பட்டர் என்ற மட்டைதான் காரணம், அதை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்பதே அது. பட்டர் முக்கியமில்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதன் விலையையும் பெயரையும்விட, அது உங்கள் உயரத்துக்கும் வீச்சுக்கும் பொருந்துகிறதா என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. அதற்கும் முன்னால், பந்தை எவ்வளவு வேகத்தில் அனுப்ப வேண்டும் என்ற கணிப்பு கைவர வேண்டும். கீழே வரும் பதில்கள் எல்லாம் இந்த வரிசையை மனத்தில் வைத்தே எழுதப்பட்டவை.

கேள்வி: நான் கிள்ளானில் ஆசிரியராகப் பணிபுரிகிறேன். கோல்ஃப் ஆடத் தொடங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. கிரீன் வரைக்கும் ஓரளவு நன்றாகவே வந்துவிடுகிறேன். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் ஐந்தாறு குழிகளில் மூன்று பட் ஆகிவிடுகிறது. என் குறி தவறுவதை எப்படித் திருத்துவது?

பதில்: குறி தவறுகிறது என்று நீங்களே முடிவு செய்துவிட்டீர்கள். எனக்கு அதில் ஐயம் உண்டு. அடுத்த முறை ஆடும்போது ஸ்கோர் அட்டையின் ஓரத்தில், ஒவ்வொரு கிரீனிலும் முதல் பட் எங்கே போய் நின்றது என்பதை மட்டும் குறித்து வாருங்கள்: குழிக்கு இடமா, வலமா, முன்பா, பின்பா, எத்தனை அடி என்று. முப்பத்தைந்து அடி தூரத்திலிருந்து ஐந்து அடி இடப்புறம் தள்ளி அடிப்பவர் மிகவும் அரிது; அதே தூரத்திலிருந்து ஐந்து அடி குறைவாகவோ ஐந்து அடி கூடுதலாகவோ அடிப்பவர்களை எந்தக் கிரீனிலும் பார்க்கலாம். மூன்று பட் என்பது பெரும்பாலும் திசையால் வருவதில்லை, தூரத்தால் வருகிறது.

உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்களின் நிலையைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். அமெரிக்காவின் பி.ஜி.ஏ. டூர் ஆட்டக்காரர்களே எட்டு அடி தூரத்திலிருந்து ஏறத்தாழப் பாதி பட்களைத்தான் குழிக்குள் போடுகிறார்கள். முப்பத்துமூன்று அடியிலிருந்து அவர்களுக்குச் சராசரியாக இரண்டு பட் தேவைப்படுகிறது. இந்தக் கணக்குகளைத் தொகுத்து ஆராய்ந்தவர் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி. அவர் வகுத்த முறையின் அடிப்படையில்தான் 2011 முதல் பி.ஜி.ஏ. டூர் பட்டிங் திறனை அளக்கிறது. அவர்களுக்கே அப்படியென்றால், முதல் பட்டில் ஆறு அடியை மிச்சம் வைத்துவிட்டு அடுத்ததில் முடித்துவிடலாம் என்று நாம் எண்ணுவது நம்மை நாமே தண்டித்துக்கொள்வதாகும். நீண்ட பட்டில் உங்கள் இலக்கு குழி அன்று. குழியைச் சுற்றிய மூன்று அடி வட்டம்.

வேகத்துக்கு இன்னொரு முக்கியத்துவமும் உண்டு. குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர், அதாவது 4.25 அங்குலம். பந்தின் விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது விதி. மெதுவாக வந்து சேரும் பந்து குழியின் விளிம்பைத் தொட்டாலும் உள்ளே சரிந்துவிடும். வேகமாக வரும் பந்துக்கோ நடுப்பகுதி மட்டுமே திறந்திருக்கிறது. ஓரத்தில் பட்டால் சுற்றிக்கொண்டு வெளியேறிவிடும். ஆகவே வேகம் கூடக்கூட, அதே குழி உங்களுக்குச் சிறியதாகிக்கொண்டே போகிறது. மறுபுறம், குழியை எட்டாத பந்து ஒருபோதும் விழாது. பட்டிங்கைப் பல்லாண்டுகள் ஆராய்ந்த டேவ் பெல்ஸ், குழியைத் தவறவிட்ட பந்து அதைத் தாண்டிச் சுமார் 17 அங்குலத்தில் நிற்கும் வேகமே உகந்தது என்று கற்பித்தார். பத்து அடிக்குட்பட்ட பட்களுக்கு இது நல்ல வழிகாட்டி என்பது என் கருத்து. முப்பது அடிக்கு மேல் போகும்போது நான் மாணவர்களிடம் அந்த 17 அங்குலத்தை மறந்துவிடச் சொல்வேன். அங்கே குழியருகே வந்து ஓயும் பந்தே போதும்.

வேகத்தைக் கட்டுப்படுத்துவது வீச்சின் நீளந்தான். கையின் பலம் அன்று. பட்டரைப் பின்னால் நீளமாக எடுத்துவிட்டு, பந்தை நெருங்கும்போது பயந்து வேகத்தைக் குறைப்பது ஒரு பிழை. பின்னால் மிகக் குறைவாக எடுத்துவிட்டு, பந்தைத் திடீரென்று குத்துவது இன்னொரு பிழை. இரண்டிலும் பந்து ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு தூரம் போகும். பின்வீச்சுக்கு ஆகும் நேரம், அங்கிருந்து பந்தைத் தொடும் வரைக்குமான நேரத்தைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு இருப்பது நல்ல ஆட்டக்காரர்களிடம் காணப்படும் தாளம். தூரம் கூடினால் வீச்சு நீளும், தாளம் மாறாது. சிறு குழந்தையிடம் பந்தை உருட்டிவிடும்போது யாரும் கணக்குப் போடுவதில்லை, கண் தூரத்தைப் பார்க்கிறது, கை அதற்கேற்ப வீசுகிறது. அந்த இயல்பை வரவழைக்க, பயிற்சி வீச்சுகளைப் பந்தைப் பார்த்துச் செய்யாமல் குழியைப் பார்த்தபடியே செய்யுங்கள்.

பயிற்சிக்கு ஒன்று சொல்கிறேன். சுற்றுக்கு முன் பயிற்சிக் கிரீனுக்குப் போனதும் குழியை நோக்கி அடிக்காதீர்கள். கிரீனின் எதிர் ஓரத்தை நோக்கி, விளிம்புப் புல்லைத் தொடாமல், அதற்கு எவ்வளவு நெருக்கமாக நிறுத்த முடியுமோ அவ்வளவு நெருக்கமாக நாலைந்து பந்துகளை அனுப்புங்கள். பிறகு திரும்பி நின்று, எதிர்த் திசையில் அதையே செய்யுங்கள். குழி கண்ணில் படாதபோது மனம் விழுந்ததா விழவில்லையா என்று கணக்குப் பார்ப்பதை விட்டுவிட்டு, அன்றைய கிரீனின் வேகத்தைக் கற்றுக்கொள்கிறது. ஒரு வாரத்தில் மாற்றம் தெரியும் என்று நான் வாக்களிக்க மாட்டேன், ஆனால் நீங்கள் குறித்துவரும் அந்த அட்டையில் முதலில் மாறுவது முன்-பின் எண்களாகத்தான் இருக்கும்.

கேள்வி: பெட்டாலிங் ஜெயாவில் ஒரு கடையில், தலை பெரிதாக இருக்கும் மாலெட் வகைப் பட்டரே எனக்கு ஏற்றது என்றார்கள். என்னோடு ஆடும் நண்பரோ, தலை மெலிந்த பிளேட் வகைதான் பந்தை உணர உதவும் என்கிறார். இரண்டும் ஆயிரம் வெள்ளிக்கு மேல். எதை வாங்குவது?

பதில்: இருவரும் பட்டரைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள், உங்கள் வீச்சைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

பட்டரைத் தரையில் வைக்காமல், பட்டரின் தலைக்குச் சற்று மேலே தண்டை ஒற்றை விரலின் மீது கிடையாகக் கிடத்தி, தானாகச் சமநிலைக்கு வர விடுங்கள். பந்தைத் தொடும் முகம் வானத்தைப் பார்த்தபடி தட்டையாக நின்றால், அது முகச் சமநிலைப் பட்டர். தலையின் வெளிமுனை கீழ்நோக்கித் தொங்கினால், அது முனை தொங்கும் பட்டர். கடையில் இருக்கும் பட்டர்களை ஒவ்வொன்றாக விரலில் வைத்துப் பாருங்கள்: சிலவற்றில் முனை நேராகத் தரையைக் காட்டும், சிலவற்றில் சாய்வாக நிற்கும், சிலவற்றில் அசையவே அசையாது. மாலெட்கள் எல்லாம் முகச் சமநிலை கொண்டவை, பிளேட்கள் எல்லாம் முனை தொங்குபவை என்ற பொதுக்கருத்து பெருமளவுக்குச் சரி, ஆனால் முழுக்கச் சரியன்று. வெளிமுனை நன்றாகத் தொங்கும் மாலெட்களும் விற்கப்படுகின்றன. அதனால் வடிவத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், விரலில் வைத்துப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

இது ஏன் முக்கியம் என்றால், சிலருடைய வீச்சு ஏறத்தாழ நேர்கோட்டில் முன்னும் பின்னும் போகிறது. சிலருடைய வீச்சு வில் போல வளைந்து, பின்னால் போகும்போது முகம் சற்றுத் திறந்து, திரும்பி வரும்போது மூடுகிறது. வளைந்து வீசுபவருக்கு முனை தொங்கும் பட்டர் அந்தத் திறப்புக்கும் மூடலுக்கும் இசைவாக இருக்கும். நேராக வீசுபவருக்கு முகச் சமநிலைப் பட்டர் பொருந்தும் என்பது பட்டர் தேர்வில் நீண்டகாலமாகப் பின்பற்றப்படும் பொது விதி. கைப்பேசியை உங்கள் பின்னால், பந்து போகும் கோட்டின் நீட்சியில், தரையோடு ஒட்டி வைத்து, உங்கள் வீச்சைப் பதிவு செய்து பாருங்கள். பார்த்தாலே எந்த வகை என்று தெரிந்துவிடும்.

முகம் பந்தைத் தொடும் கணத்தில் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதுதான் பந்து புறப்படும் திசையை ஐந்தில் நான்கு பங்குக்கும் மேலாகத் தீர்மானிக்கிறது. பட்டர் போகும் பாதையின் பங்கு சிறியது. சமதளத்தில் பத்து அடி பட் ஒன்றில் முகம் ஒரே ஒரு பாகை திரும்பியிருந்தால் பந்து குழியருகே சுமார் 53 மில்லிமீட்டர் விலகியிருக்கும். குழியின் நடுவிலிருந்து விளிம்பு வரை 54 மில்லிமீட்டர். ஒரு பாகைக்குப் பந்து விளிம்பில் தொங்குகிறது; இரண்டு பாகை என்றால் குழியைத் தொடாமலே போய்விடும். ஆகவே, எந்தப் பட்டரோடு உங்கள் கை இயல்பாக முகத்தை நேராகக் கொண்டுவருகிறதோ அதுவே உங்கள் பட்டர். அழகோ, உணர்வோ, தொலைக்காட்சியில் பார்த்ததோ அதற்குப் பிறகுதான்.

மாலெட்டின் உண்மையான நன்மை வேறிடத்தில் இருக்கிறது. எடை தலையின் ஓரங்களுக்கும் பின்புறத்துக்கும் பரப்பி வைக்கப்பட்டிருப்பதால், பந்து முகத்தின் நடுவில் படாவிட்டாலும் தலை அதிகம் திருகுவதில்லை, பந்தின் தூரமும் அதிகம் குறைவதில்லை. இந்த எண்ணத்தைப் பட்டர் உலகுக்குக் கொண்டுவந்தவர் நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த கார்ஸ்டன் சோல்ஹைம். தம் பட்டிங் சரியில்லை என்று வருந்தி, 1959 இல் அவர் தாமே செய்த பட்டரில் எடையை இரு முனைகளுக்கும் ஒதுக்கினார். பந்தைத் தொடும்போது அது எழுப்பிய ஒலியே பிங் என்ற பெயராயிற்று. 1966 இல் அவர் வடிவமைத்த ஆன்சர், இன்று வரை பிளேட் வகைக்கு முன்மாதிரி. நண்பர் உங்களுக்குச் சொன்ன பிளேட் பெரும்பாலும் அந்த வழிவந்ததாகத்தான் இருக்கும்; அதுவும் நடுவில் படாத அடிகளை மன்னிக்கும் தன்மைக்காகவே பிறந்தது என்பதை அவரிடம் சொல்லலாம்.

பெரிய ஆட்டக்காரர்களைக் காட்டி வாதிடுவதில் பயனில்லை. டைகர் வூட்ஸ் தம் பெரும் பட்டங்களில் ஒன்றைத் தவிர மற்ற அனைத்தையும் ஒரே பிளேட்டோடு வென்றார். ஸ்காட்டி ஷெஃப்லர் 2024 மார்ச்சில் மாலெட்டுக்கு மாறிய உடனே ஆர்னால்ட் பால்மர் இன்விடேஷனல் போட்டியை வென்றார். 2025 யு.எஸ். ஓபனை ஜே.ஜே. ஸ்பான் வென்றது, வீச்சின்போது முகம் திருகாதபடி சமன்செய்யப்பட்ட புதுவகைப் பட்டரோடு. மூன்று வகைக்கும் சான்று கிடைக்கிறது.

வாங்குமுன், கடைக்காரரிடம் பட்டரைக் கம்பளத்தில் அல்லாமல் உண்மையான கிரீனில் முயன்று பார்க்க முடியுமா என்று கேளுங்கள். பல கிளப்களின் புரோ ஷாப்களில் மாதிரிப் பட்டர்கள் இருக்கின்றன. ஆறு அடியிலிருந்து பத்து பந்து, முப்பது அடியிலிருந்து பத்து பந்து அடித்துப் பார்த்தால், எது உங்களுடையது என்பதைப் பந்துகள் நின்ற இடங்கள் சொல்லிவிடும். பழைய பட்டர் ஒன்று நன்றாகப் பொருந்தினால் அதை வாங்குவதில் தயக்கம் வேண்டாம். பட்டருக்கு வயதாவதில்லை, பிடியை மட்டும் மாற்றினால் போதும்.

கேள்வி: பாயான் லெப்பாஸில் வசிக்கிறேன். என் உயரம் ஐந்து அடி. கணவரின் பழைய 35 அங்குலப் பட்டரைப் பயன்படுத்துகிறேன். மேற்புறம் கையளவு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் எப்போதும் வயிற்றில் இடிக்கிறது. அதைக் குறுக்கி வெட்டிக்கொள்ளலாமா?

பதில்: வெட்டலாம் அம்மா, ஆனால் வெட்டுவதற்கு முன் எவ்வளவு என்று அளந்துகொள்ளுங்கள், வெட்டியபின் என்ன மாறும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

கடைகளில் கிடைக்கும் பட்டர்கள் பெரும்பாலும் 33 முதல் 35 அங்குலம் வரையானவை, அவையும் ஆண்களின் சராசரி உயரத்தை நினைத்துச் செய்யப்பட்டவை. நீளம் உயரத்தை மட்டும் பொறுத்ததன்று; நீங்கள் எவ்வளவு குனிகிறீர்கள், கைகள் எவ்வளவு நீளம் என்பதையும் பொறுத்தது. இடுப்பிலிருந்து முன்குனிந்து, கைகள் தோளிலிருந்து தளர்ந்து தொங்கும்படி நின்றுகொள்ளுங்கள். கண்கள் பந்துக்கு நேர் மேலேயோ, உங்கள் பக்கமாகச் சற்று உள்ளேயோ இருக்க வேண்டும். அந்த நிலையில் உள்ளங்கைகள் சேரும் இடத்தில் பிடியின் நடுப்பகுதி வர வேண்டும். உங்கள் கணவரை ஓர் அளவு நாடாவுடன் அருகில் நிற்கச் சொல்லி, அப்போது பிடியின் மேல்முனை வர வேண்டிய இடம் வரைக்கும் தரையிலிருந்து தண்டின் சாய்விலேயே அளக்கச் சொல்லுங்கள். 31 அல்லது 32 அங்குலம் வந்தால் வியப்படைய வேண்டாம்.

மேற்புறத்தைப் பிடிக்காமல் கீழே தாழ்த்திப் பிடித்துக்கொள்ளலாமே என்று தோன்றலாம். அப்படிச் செய்யும்போது பிடியின் மெலிந்த பகுதி கையில் வருகிறது, மேலே மிஞ்சும் பகுதி உடையில் சிக்குகிறது. அதைவிட மோசமானது, உங்களை அறியாமலே அது இடிக்காதிருக்க நீங்கள் பந்திலிருந்து விலகி நின்று கைகளை நீட்டத் தொடங்குகிறீர்கள். கண்கள் பந்துக்கு வெகு உள்ளே போய்விட்டால் கோடு தவறாகத் தெரியும். பல ஆண்டுகள் ஆடியவர்களிடமும் இந்தப் பழக்கத்தின் வேர் நீளம் கூடிய பட்டரில்தான் இருக்கிறது.

மூன்று அங்குலம் குறைத்தால் தலை கையில் இலேசாகத் தோன்றும். குட்டைப் பட்டர்களுக்கு அதனால்தான் கனமான தலையைப் பொருத்துகிறார்கள். தலையின் அடியில் மாற்றக்கூடிய எடைத் திருகுகள் இருந்தால் கனமானவற்றைப் போடுங்கள். இல்லையென்றால் ஈயப் பட்டையை அடிப்புறத்தில், நடுக்கோட்டுக்கு இருபுறமும் சம அளவில் ஒட்டுங்கள். சுற்று நடுவே அதை எடுப்பதோ கூட்டுவதோ விதிக்கு மாறானது என்பதை நினைவில் வையுங்கள்.

மற்றொன்று லை கோணம், அதாவது தண்டு தரையோடு செய்யும் கோணம். பட்டரை வைத்து நிற்கும்போது வெளிமுனை தரையிலிருந்து நன்றாக எழும்பியிருந்தால் நீங்கள் பந்தை முகத்தின் நடுவில் தொடுவது கடினமாகும். பட்டரில் லோஃப்ட், அதாவது முகத்தின் மேல்நோக்கிய சாய்வு, மூன்று, நான்கு பாகைதான் என்பதால் லை கோணப் பிழை இரும்பு மட்டைகளில் போலத் திசையைப் பெரிதாகக் கெடுக்காது. ஆனால் நடுவில் படாமல் போவது தூரத்தைக் கெடுக்கும். நல்ல கிளப் ரிப்பேர் கடையில் பல பட்டர்களின் கழுத்தைச் சில பாகைகள் வளைத்துக் கொடுப்பார்கள். வார்ப்பு உலோகமா, வளையுமா என்று அவர்களிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

ஆகும் செலவு, கணவரின் பட்டரைக் கெடுத்துவிடுவோமோ என்ற தயக்கம் இரண்டையும் பார்த்தால், இளையோருக்கோ பெண்களுக்கோ என்று செய்த குட்டைப் பட்டர் ஒன்றை முதலில் முயன்று பார்ப்பதும் நல்ல வழிதான்.

கேள்வி: செபராங் பிறையைச் சேர்ந்த ஓய்வுபெற்றவன் நான், வயது 62. நீண்ட பட்களை நன்றாகவே விடுகிறேன். மூன்றடிக்குள் வந்துவிட்டால் வலக்கை துடித்து, பந்தைத் தள்ளிவிடுகிறது. நெஞ்சோடு சேர்த்துப் பிடிக்கும் நீளப் பட்டர் வாங்கினால் சரியாகுமா? அது தடை செய்யப்பட்டதென்றும் சொல்கிறார்கள்.

பதில்: ஐயா, இது உங்களுக்கு மட்டும் வந்ததன்று, உங்கள் மனவுறுதியின் குறையுமன்று. ஆங்கிலத்தில் யிப்ஸ் என்று அழைக்கப்படும் இந்தத் துடிப்பு, ஒரே அசைவைப் பல்லாண்டு செய்து பழகியவர்களைத்தான் அதிகம் பிடிக்கிறது. சிலரிடம் அது பதற்றத்தால் வருகிறது. சிலரிடம் குறிப்பிட்ட செயலின்போது மட்டும் தசைகள் கட்டுப்பாட்டை மீறும் நரம்பியல் நிலையாகவும் இருக்கிறது. ஜெர்மனியின் பெர்னார்ட் லாங்கர் தம் வாழ்க்கையில் இதனால் பலமுறை அவதிப்பட்டும், 1985 இலும் 1993 இலும் மாஸ்டர்ஸ் பட்டத்தை வென்றார். எழுதும்போதோ தேநீர்க் கோப்பையைத் தூக்கும்போதோ அதே கை நடுங்கினால் அது கோல்ஃப் சார்ந்ததன்று, மருத்துவரைப் பாருங்கள்.

விதியைப் பொறுத்தவரை, நீளப் பட்டர் தடை செய்யப்படவில்லை. 2016 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டது, வீச்சின்போது பட்டரையோ பிடித்த கையையோ உடலோடு ஊன்றிக்கொள்வது. 2011 முதல் 2013 வரை கீகன் பிராட்லி, வெப் சிம்ப்சன், எர்னி எல்ஸ், ஆடம் ஸ்காட் ஆகியோர் அத்தகைய முறையில் பெரும் பட்டங்களை வென்றதைத் தொடர்ந்தே அந்த முடிவு வந்தது. நெஞ்சிலோ வயிற்றிலோ முகவாயிலோ தொடாமல் விலக்கிப் பிடித்து வீசினால் நீளப் பட்டர் இன்றும் செல்லும். லாங்கரும் அப்படித்தான் ஆடிவருகிறார். நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தால், மொத்த அடிகளை எண்ணும் ஸ்ட்ரோக் பிளே ஆட்டத்தில் இரண்டு அடிகள் அபராதம். உங்கள் கிளப்பின் மாதாந்திர மெடல் போட்டியிலும் இதே விதிதான்.

என் ஆலோசனை, அவ்வளவு தூரம் போவதற்கு முன் பிடியை மாற்றிப் பாருங்கள் என்பதே. துடிப்பது வலக்கை என்றால், அந்தக் கையின் வேலையைக் குறைக்க வேண்டும். இடக்கையைக் கீழேயும் வலக்கையை மேலேயும் வைப்பது ஒரு வழி. வலக்கை விரல்களால் பட்டரைச் சுற்றிப் பிடிக்காமல், பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் தண்டை இலேசாகத் தாங்கி, மற்ற விரல்களை விரித்து வைக்கும் கிளா முறை இன்னொன்று. பழைய அசைவின் நினைவு விரல்களில் தங்கியிருப்பதால், முற்றிலும் புதிய பிடி அந்த நினைவை எழுப்பாமல் விடுகிறது என்று நம்ப இடமுண்டு. தடித்த பிடியும் விரல்களின் வேலையைக் குறைக்கும். பட்டரின் மேற்பகுதியை இடது முன்கையோடு சேர்த்து வைத்து ஆடும் முறையையும் விதி அனுமதிக்கிறது. ஆனால் அதற்குத் தனியே நீளமும் லோஃப்டும் கூடிய பட்டர் வேண்டும்.

இன்னொன்றையும் முயலுங்கள்: மூன்றடிப் பட்டில் பந்தைப் பார்க்காமல் குழியின் பின்விளிம்பைப் பார்த்தபடி வீசுங்கள். பந்தைத் தொடும் கணம் கண்ணில் படாதபோது கை துடிப்பது பலருக்குக் குறைகிறது.

கேள்வி: காணொளிகளில் சொல்லும்படி சரிவைப் பார்த்துத்தான் அடிக்கிறேன். ஆனாலும் கோலாலம்பூர்க் கிரீன்களில் பந்து நான் நினைத்த பக்கம் திரும்புவதில்லை. சில நேரம் மேட்டை நோக்கித் திரும்புவதுபோல் இருக்கிறது. ஏன்?

பதில்: நீங்கள் பார்த்த காணொளிகளில் பெரும்பாலானவை குளிர் நாடுகளில், பென்ட் வகைப் புல் வளரும் கிரீன்களில் எடுக்கப்பட்டவையாக இருக்கும். அந்தப் புல் ஓரளவு நிமிர்ந்து வளரும். நம் வெப்பத்தில் அது நிலைக்காது. இங்கே கிரீன்களில் இருப்பவை பெரும்பாலும் பெர்முடா வகைகளும் பாஸ்பாலமும். இவை தரையில் படர்ந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து வளர்பவை. பந்து அந்தச் சாய்வோடு போனால் வேகமாக ஓடும், எதிர்த்துப் போனால் விரைவில் நிற்கும், குறுக்கே போனால் வேகம் குறையும் கடைசி அடிகளில் புல் சாயும் பக்கம் இழுபடும். சிறிய சரிவு ஒரு பக்கமும் புல்லின் சாய்வு எதிர்ப் பக்கமும் இருக்கும்போது பந்து நேராகப் போவதுபோலவோ மேட்டை நோக்கிப் போவதுபோலவோ தோன்றும். உங்கள் கண்ணில் பிழையில்லை.

சாய்வைக் கண்டுபிடிக்க இரண்டு வழிகள் நம்பத்தக்கவை. பந்துக்குப் பின்னால் நின்று பார்க்கும்போது புல் வெளிறிப் பளபளத்தால் அது உங்களை விட்டு விலகிச் சாய்ந்திருக்கிறது. கரும்பச்சையாகத் தெரிந்தால் உங்களை நோக்கிச் சாய்ந்திருக்கிறது. பிறகு குழியின் அருகே போய்க் குனிந்து விளிம்பைப் பாருங்கள். ஒரு பக்கம் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் கூர்மையாகவும் பசுமையாகவும் இருக்கும். எதிர்ப் பக்கம் பிசிறடித்து, சற்றுப் பழுப்பாகக் காய்ந்திருக்கும். குழி வெட்டும்போது அந்தப் பக்கத்துப் புல்லின் வேர், குழி இருந்த இடத்தில் அறுபட்டுப்போயிற்று. தாள் மட்டும் வெளிப்புறம் சாய்ந்து கிடந்து காய்கிறது. ஆகவே பிசிறடித்த பக்கம் எதுவோ அந்தத் திசையில்தான் புல் சாய்கிறது. காலையில் புதிதாக வெட்டிய குழியில் இது அவ்வளவாகத் தெரியாது, பிற்பகலில் தெளிவாகத் தெரியும். ஒரு குழியை ஆடிக்கொண்டிருக்கும்போது அதன் கிரீனில் சோதனைக்காகக் கையால் புல்லைத் தேய்த்துப் பார்க்கவோ பந்தை உருட்டிப் பார்க்கவோ விதி அனுமதிப்பதில்லை. கண்ணும் காலும் மட்டுமே துணை.

சரிவைக் கணிக்கும்போது பந்திலிருந்து குழி வரைக்கும் எல்லா அடிகளையும் சமமாக எண்ணாதீர்கள். பந்து வேகமாகப் போகும் முற்பகுதியில் சரிவும் புல்லும் அதை அதிகம் திருப்புவதில்லை. கடைசி மூன்றில் ஒரு பங்கில்தான் எல்லாம் நடக்கிறது. குழியைச் சுற்றி நின்று பார்க்க நேரம் செலவிடுங்கள்.

மழையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் பிற்பகல் மழைக்குப் பிறகு ஈரக் கிரீன் மெதுவாகிவிடும், திருப்பமும் குறையும். இரண்டையும் சேர்த்து, சற்று நேராகவும் சற்று வலுவாகவும் அடியுங்கள். பட்டர் முகத்தின் லோஃப்டைக் கையை முன்தள்ளி அழித்துவிடாதீர்கள். மெதுவான புல்லில் பந்து குழைவாகப் பதிந்திருக்கும், அந்தச் சில பாகைகள்தான் அதைத் தூக்கி உருளச் செய்கின்றன. கிரீனில் உங்கள் கோட்டில் தண்ணீர் தேங்கியிருந்தால், அபராதமின்றிப் பந்தை வேறிடத்தில் வைத்து ஆடலாம். காலைப் பனித்துளியை மட்டும் துடைத்துவிட முடியாது.

கேள்வி: பட் அடிக்கும்போது கொடிக்கம்பை எடுத்துவிட வேண்டுமா?

பதில்: 2019 முதல் அது உங்கள் விருப்பம். கிரீனிலிருந்து அடித்த பந்து, குழியில் நிற்கும் கம்பில் பட்டாலும் அபராதம் இல்லை. ஆனால் விடுவதா எடுப்பதா என்பதை அடிப்பதற்கு முன்பே தீர்மானித்துவிட வேண்டும். பந்து கம்பில் சாய்ந்து நின்று, அதன் ஒரு பகுதியாவது குழி விளிம்புக்குக் கீழே இருந்தால், அது விழுந்ததாகவே கொள்ளப்படும். கம்பு சாய்ந்து நிற்கும் கிரீன்களில் எடுத்துவிடுவதையே நான் விரும்புகிறேன்.

கேள்வி: செராஸில் கொண்டோவில் வசிக்கிறேன். வார நாள்களில் கிளப்புக்குப் போக முடிவதில்லை. வீட்டிலேயே என்ன பயிற்சி செய்யலாம்?

பதில்: வீட்டுக் கம்பளத்தில் வேகத்தைக் கற்க முடியாது, அது எந்தக் கிரீனையும் ஒத்திருப்பதில்லை. முகத்தை நேராக்கக் கற்கலாம், அதற்கு இரவில் பத்து நிமிடம் போதும். பந்தை வைத்து, அதற்கு முன்னால் ஓர் அடி தூரத்தில் இரண்டு இருபது சென் நாணயங்களைப் பந்து புகும் அளவுக்கு மட்டும் இடைவெளி விட்டு வையுங்கள். பந்து இரண்டையும் தொடாமல் இடையே போனால் முகம் நேராக இருந்தது என்று பொருள். முதல் நாள்களில் அது அடிக்கடி ஒரே பக்கத்து நாணயத்தில் மோதும். எந்தப் பக்கம் என்று கவனியுங்கள். வலக்கையாளருக்கு எப்போதும் வலப்பக்கத்து நாணயம் என்றால் முகம் திறந்தே வருகிறது. உடனே வீச்சை மாற்றாமல், முதலில் பந்து நிற்கும் இடத்தைப் பாருங்கள். அது இரு பாதங்களுக்கும் நடுவிலிருந்து சற்று முன்னால் இருக்க வேண்டும். பின்னால் இருந்தால் முகம் மூடுவதற்கு முன்பே பந்தைத் தொட்டுவிடுகிறீர்கள். பந்தை இரண்டு அங்குலம் முன்னால் நகர்த்தி மறுபடி அடித்துப் பாருங்கள். தீர்வு பெரும்பாலும் அங்கேயே கிடைக்கிறது. அப்போதும் கிடைக்காவிட்டால், இரண்டாம் கேள்விக்குச் சொன்னபடி பட்டரை விரலில் வைத்துப் பார்த்து, அது உங்கள் வீச்சுக்கு ஒத்ததா என்று சோதியுங்கள்.